கை வியர்வைக்கு ஆபரேஷன்: கையெழுத்துப் போடும் முன்

(அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





மருத்துவ உதவி மனுக்களில், உள்ளங்கை வியர்வைக்கு ஆபரேஷன் செய்யப் பணம் கேட்பவையும் வருகின்றன. கேட்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். ஸலாம் சொல்லிக் கை கொடுக்கத் தயங்கும் வாலிபருக்கும், பரீட்சைத் தாள் நனைந்து எழுத்து கலங்கும் மாணவிக்கும் இது பெரிய வேதனை. இது கோழைத்தனமும் அல்ல, அசுத்தமும் அல்ல. வியர்வையால் ஒளு முறியாது.

மார்புக்குள் முதுகெலும்பை ஒட்டி, வியர்வையைத் தூண்டும் நரம்புச் சங்கிலி இருக்கிறது. முழு மயக்கம் கொடுத்து, அக்குள் பக்கம் சிறு துளையிட்டு, கேமரா மூலம் பார்த்து அந்த நரம்பை வெட்டுவார்கள். அல்லது கிளிப் போடுவார்கள். பெரும்பாலோருக்குக் கை உடனே காய்ந்துவிடும்.

ஆனால், அதன்பின் முதுகு, வயிறு, தொடை வியர்ப்பது சர்வசாதாரணம். சிலருக்கு அடிக்கடி சட்டை மாற்றும் அளவுக்குப் போகும். வெட்டிய நரம்பைப் பழையபடி ஆக்க முடியாது. கிளிப்பை எடுத்தாலும் உத்தரவாதமில்லை. அபூர்வமாக இமை தொங்கலாம். செய்துகொண்ட சிலர் பின்னர் வருந்துகிறார்கள் என்பதை நோயாளிக்கு விளக்க வேண்டும் என்றே பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு 2014-இல் வழிகாட்டியிருக்கிறது.

எனவே ஆபரேஷன் கடைசிப் படியாக இருக்கட்டும். முதலில் தோல் டாக்டரைப் பாருங்கள். உடம்பு முழுவதும் வியர்த்தால் தைராய்டு, சர்க்கரை பரிசோதனை தேவை. இரவு வியர்வையோடு காய்ச்சலும் எடை குறைவும் இருந்தால் காசநோய் பரிசோதனை அவசியம். இவை இல்லையென்றால், இரவில் பூசும் அலுமினியம் குளோரைடு மருந்து, தண்ணீரில் கை வைத்து மெல்லிய மின்சாரம் செலுத்தும் சிகிச்சை, மாத்திரை, சில மாதங்கள் பலன் தரும் போட்டாக்ஸ் ஊசி என்று வழிகள் பல உண்டு. கர்ப்பிணிகளுக்கும், பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் மின்சாரச் சிகிச்சை கூடாது.

பெற்றோர்களே, நிக்காஹ் தேதி நெருங்குகிறது என்று பிள்ளையை அவசரப்படுத்தாதீர்கள். வாழ்நாள் முழுவதும் அந்த உடம்போடு வாழப்போவது அவர்தான். எல்லாம் செய்து பார்த்தும் தீராமல், விளைவுகளை அறிந்து அவரே விரும்பினால், அதில் தவறில்லை.

மனுவோடு இதுவரை பார்த்த வைத்தியச் சீட்டுகளையும் கொண்டு வாருங்கள். தோல் டாக்டர் செலவுக்கும் மனுச் செய்யலாம்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.