மாத்திரையும் முருங்கைக்கீரையும்
(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



இங்கே புகுமுக வகுப்பு முடித்து, பின்னர் பி.பார்ம். படித்த நான் நாற்பது வருஷமாக மருந்துக்கடை நடத்துகிறேன். ஊருக்கெல்லாம் மாத்திரை கொடுத்த நான், சொந்த அக்காவிடம் சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் விட்டேன்.

அக்காவுக்குச் செயற்கை இதய வால்வு பொருத்தினார்கள். அதில் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை. "உடம்பு தேறணுமே"ன்னு தினமும் முருங்கைக்கீரை சாப்பிட்டிருக்கிறார். 2.5-க்கு மேல் இருக்க வேண்டிய ஐ.என்.ஆர். 1.4-க்கு இறங்கிவிட்டது. மாத்திரையைக் கூட்டினார்கள். அக்காவோ பயந்துபோய்க் கீரையை அடியோடு நிறுத்திவிட்டார். பத்தே நாளில் பல் துலக்கினால் ஈறில் ரத்தம்!

காரணம் இதுதான். ரத்தம் உறைய வைட்டமின் 'கே' தேவை. அது கல்லீரலில் மறுபடி பயன்படுவதை வார்ஃபரின் தடுக்கிறது. கீரையிலோ அந்த வைட்டமின் ஏராளம். அதற்காகக் கீரையை விட வேண்டாம். வாராவாரம் ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும். அதற்கேற்ப டாக்டர் மாத்திரையை நிர்ணயிப்பார்.

இந்த மருந்துக்கும் நம்மைப் போன்ற ஒரு சங்கத்துக்கும் உறவுண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சினில், கெட்டுப்போன தீவனப்புல்லைத் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்தன. கார்ல் லிங்க் குழுவினர் அதற்கான பொருளைக் கண்டுபிடித்தனர். அந்த வழியில் பிறந்த வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாக வந்து, 1954-இல் மனிதர்க்கும் மருந்தானது. ஆய்வுக்குப் பணம் தந்த விஸ்கான்சின் முன்னாள் மாணவர் ஆராய்ச்சி அறக்கட்டளையின் முதலெழுத்துகளே அதன் பெயரில் இருக்கின்றன!

இன்னும் மூன்று விஷயம். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடுங்கள். காபிக்கு ஒரு மணி நேரம் பொறுங்கள். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு சேர்க்காதீர்கள். சத்து உடம்பில் சேராது. சிப்ரோஃப்ளாக்சசினைப் பாலோடு விழுங்கினால், பாலிலுள்ள கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும்.

எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். "இதோட எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக்கூடாது?" என்று கடைக்காரரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். நானும் இப்போது கேட்காமலே சொல்கிறேன். அக்கா நலம்; வாரம் இரண்டு நாள் கீரை தவறுவதில்லை.