கடை வேலைக்கு இன்டர்வியூ போகும் பிள்ளைகளுக்கு





கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் பக்கம் ப்ளஸ் டூவோ டிகிரியோ முடித்த நம் பிள்ளைகள் பலருக்கு முதலில் கிடைப்பது கடை வேலைதான். ஜவுளிக்கடை, செல்போன் ஷோரூம், சூப்பர் மார்க்கெட் என்று தேனிக்கும் மதுரைக்கும் போகிறார்கள். "நிற்கிற வேலைதானே, இதற்கென்ன இன்டர்வியூ?" என்று போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பி வந்தவர்களை நாங்கள் பார்க்கிறோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கதீஜா (ரலி) அம்மையாரின் சரக்கை ஷாம் தேசம் கொண்டு சென்றது, பிறர் முதலை நம்பிக்கையோடு ஏற்றுச் செய்த வேலை. அவர்களுடைய நாணயத்தைக் கேள்விப்பட்டுத்தான் அம்மையார் அந்தப் பொறுப்பைக் கொடுத்தார்கள். இன்றைய முதலாளி தேடுவதும் அதைத்தான். ஊரில் விசாரிக்க அவருக்கு நேரமில்லை, பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்கப் பார்க்கிறார்.

அதனால் முதல் நாளே அந்தக் கடைக்குள் ஒரு முறை போய் வாருங்கள். எத்தனை மாடி, எந்தப் பிரிவில் கூட்டம், வேலை பார்ப்பவர்கள் எப்படி உடுத்துகிறார்கள் என்று பாருங்கள். "எங்கள் கடையைப் பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டால் சொல்வதற்கு ஏதாவது இருக்கும். துவைத்துத் தேய்த்த சட்டை போதும், புதுச் சட்டை வேண்டாம். அத்தர் பூசலாம், பாட்டிலைக் கவிழ்த்துவிட வேண்டாம். செல்போனை அணைத்துவிடுங்கள்.

அத்தாமார்களுக்கு ஒரு வார்த்தை. வாசல் வரை கூட வாருங்கள், உள்ளே பிள்ளையே பேசட்டும். பெயரைக் கேட்டால்கூட அத்தா பதில் சொல்கிற பையனை எந்த மேனேஜர் வாடிக்கையாளர் முன் நிறுத்துவார்? எங்களிடம் சிபாரிசுக் கடிதம் கேட்கிறீர்கள், கொடுக்கிறோம். கடிதம் கதவைத் திறக்கும், அவ்வளவுதான்.

கேள்விகள் பெரும்பாலும் எளியவை. 1,850 ரூபாய் சட்டைக்கு 10 சதவீதம் தள்ளுபடி என்றால் எவ்வளவு? 1,665 என்று கால்குலேட்டர் இல்லாமல் சொல்லப் பழகுங்கள். இருபது சேலையைப் பிரித்துப் போட்டுவிட்டு ஒன்றும் வாங்காமல் போனால் என்ன செய்வாய் என்பார்கள். "மடித்து வைத்துவிட்டு, மறுபடி வாங்க அக்கா என்பேன்" என்று சிரித்த முகத்தோடு சொல்கிறவருக்குப் பாதி வேலை கிடைத்த மாதிரி. பழைய வேலையை ஏன் விட்டாய் என்றால் உண்மையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள், பழைய முதலாளியைத் திட்டாதீர்கள். குமுளி வியாபாரத்தில் மலையாளம் பழகிய பிள்ளைகள் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். இடுக்கியிலிருந்து ஆட்கள் வரும் கடையில் அது பெரிய தகுதி.

தாடி, ஹிஜாப், தொழுகை விஷயத்தைச் சேர்ந்த பிறகு பேசலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். அங்கேயே, மரியாதையாக, தெளிவாகச் சொல்லுங்கள். வெறும் கோரிக்கையாக வைக்காமல், பதிலுக்கு நீங்கள் தருவதையும் சொல்லுங்கள். "வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தை ஜும்ஆவுக்கு எடுத்துக்கொள்கிறேன். தீபாவளி வாரத்தில் லீவு கேட்க மாட்டேன், பெருநாளன்று மட்டும் வேண்டும்" என்றால் கணக்குத் தெரிந்த முதலாளி யோசிப்பார். அப்படியும் முடியாது என்றால், அன்றைக்கே தெரிந்துகொண்டது நல்லது.

பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் வீடுகளின் கவலை எங்களுக்குப் புரிகிறது. 2010-ல் வந்த 'அங்காடித் தெரு' படத்தில் தி.நகர் ரங்கநாதன் தெருக் கடைப் பிள்ளைகளின் பாட்டைப் பார்த்தவர்களுக்குப் பயம் இருக்கத்தான் செய்யும். ஆனால் கேரளம் 2018-லும் தமிழ்நாடு 2021-லும் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கியிருக்கின்றன. எனவே கடைசியில் "உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றால் தலையாட்டிவிட்டு எழுந்து வராதீர்கள். வாரவிடுமுறை என்றைக்கு, இரவு எத்தனை மணிக்கு விடுவார்கள், ஹாஸ்டல், சாப்பாட்டுக்குப் பிடித்தது போகக் கையில் எவ்வளவு வரும், பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா என்று கேளுங்கள். இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. கேட்கத் தெரிந்த பிள்ளைக்குப் பொறுப்பு உண்டு என்றுதான் நல்ல முதலாளி எடுத்துக்கொள்வார். சான்றிதழ்களின் அசலைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள். அசலை வாங்கி வைத்துக்கொள்வோம் என்கிற இடத்திலும், முன்பணம் கேட்கிற ஏஜெண்டிடமும் பேச்சை முடித்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

சனிக்கிழமை இஷாவுக்குப் பிறகு டிரஸ்ட் அலுவலகத்தில் ஒத்திகை வைத்திருக்கிறோம். கடை நடத்துகிற நம் ஜமாஅத்தார் இருவர் மேனேஜர் இடத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். பெண் பிள்ளைகளுக்கு ஞாயிறு காலை, அம்மாவோடு வரலாம். இன்டர்வியூவுக்குப் போடப்போகிற உடுப்பிலேயே வாருங்கள், மார்க் ஷீட் நகலும் எடுத்து வாருங்கள்.