கணுக்கால் தாங்கியைச் சரிசெய்யும் கலை

பக்கவாதத்தாலோ நரம்புக் கோளாறாலோ பாதத்தைத் தூக்கும் தசை சோர்ந்துபோனால், நடக்கும்போது முன்பாதம் தரையில் உரசிக் கால் தடுக்கும். அதற்கு அணிவது கணுக்கால் தாங்கி, ஊர்ப்பேச்சில் காலிப்பர். முன்பு இரும்புக் கம்பியும் தோல்வாரும். இன்று பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் தகட்டைச் சூடாக்கி, காலின் மாவு அச்சின்மேல் படியவைத்துச் செய்கிறார்கள்.

செய்து கொடுப்பதோடு பாதி வேலைதான் முடிகிறது. சிறிது நேரம் நடக்கவைத்து, கழற்றித் தோலைப் பார்க்க வேண்டும். அரை மணிக்குள் மறையாத சிவப்பு, தாங்கி அழுத்துவதற்கு அடையாளம். கணுக்கால் மொளியும் சுண்டுவிரல் பக்க எலும்பு மேடும் அடிக்கடி அடிபடும் இடங்கள். அங்கே பஞ்சு திணிப்பதால் அழுத்தம் கூடவே செய்யும். தேர்ந்தவர் சிவந்த இடத்தில் உதட்டுச்சாயம் தடவி மறுபடி அணிவிப்பார். சாயம் பிளாஸ்டிக்கில் ஒட்டிய இடத்தை மட்டும் சூட்டுக்காற்றால் இளக்கி வெளியே தள்ளுவார். அதற்கும் முன்னால் குதிகால் நன்றாக உள்ளே அமர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். கணுக்கால் பட்டை தளர்ந்து குதிகால் எழும்பினாலே பாதித் தொல்லை வந்துவிடும்.

மொளிக்குப் பின்னால் விளிம்பை வெட்டினால் தாங்கி வளைந்து கொடுக்கும். முன்னால் விட்டால் விறைப்பாக நிற்கும். வெட்டியதை ஒட்ட முடியாது என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெட்ட வேண்டும்.

செருப்பை வாசலில் விடும் நம் வீடுகளுக்கு இன்னொரு கவனம் தேவை. குதி உயர்ந்த காலணிக்கு அளவெடுத்த தாங்கியோடு வெறுந்தரையில் நின்றால் கெண்டைக்கால் பின்சாய்ந்து முழங்கால் பின்னால் தள்ளப்படும். குதியடியில் ரப்பர் ஆப்பு ஒட்டினால் சரியாகும்.

ஓசூர் ஆலைகளில் நாள் முழுக்க நிற்பவருக்கு மாலையில் கால் வீங்கும். காலையில் மட்டும் பொருத்திப் பார்த்தால் போதாது. பாரூர் போன்ற ஊரிலிருந்து தாங்கியைச் சரிசெய்ய வேலூருக்கோ பெங்களூருக்கோ ஒருமுறை போய்வருவதென்றால் ஒரு நாள் கூலி போகும். அதனால்தான் வலிக்கும் தாங்கி பரணுக்குப் போகிறது. அளவெடுப்பது எங்கே நடந்தாலும், சரிசெய்யும் வசதி அருகிலேயே இருக்க வேண்டும்.

தொழுநோயாலோ சர்க்கரை நோயாலோ உணர்ச்சி இழந்த காலுக்கு வலி எச்சரிக்காது. அத்தகைய பாதங்களில் புண் வருவதற்கு உணரப்படாத அழுத்தமே முக்கியக் காரணம் என்று வேலூரில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட் காட்டினார். உணர்ச்சி இழந்தவர்கள் நாள்தோறும் பாதத்தைக் கண்ணாலும் கையாலும் சோதிக்க வேண்டும். தையல் உறுத்தாத பருத்திக் காலுறை அணிய வேண்டும்.

வெல்க்ரோவில் நூல் சேர்ந்து பிடிப்பு போனால் பட்டையை மாற்றினால் போதும். வளரும் குழந்தைக்குத் தாங்கி சிறுத்துவிட்டால் புதிதாக அச்சு எடுக்க வேண்டும்.