மருந்தும் வேண்டும், ஆறுதலும் வேண்டும்

புற்றுநோய்க்கு இருக்கிற மருந்தெல்லாம் கொடுத்தும் குணமாகாத குழந்தைகளைச் சில சமயம் புது மருந்தின் முதல் கட்டப் பரிசோதனையில் சேர்ப்பார்கள். எவ்வளவு கொடுத்தால் உடம்பு தாங்கும் என்று பார்ப்பதுதான் அதன் முதல் நோக்கம். பெற்றோரிடம் இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

பரிசோதனை நடக்கும்போதும் பிள்ளைக்கு வலிக்கலாம், குமட்டலாம், தூக்கம் வராமல் போகலாம். அதைக் கவனிப்பது நோய்த்தணிப்புச் சிகிச்சை. ‘அது கடைசி நாளுக்குத்தானே?’ என்று பலர் பயப்படுகிறார்கள். இல்லை, நோய் தெரிந்த உடனேயே தொடங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அமெரிக்காவில், மெடிக்கெய்ட் என்ற அரசுக் காப்பீட்டில் ஹாஸ்பிஸ் என்கிற இறுதிக்காலப் பராமரிப்பு வேண்டுமென்றால் முன்பெல்லாம் நோய்க்கான சிகிச்சையைக் கைவிட வேண்டும். சிகிச்சையா, ஆறுதலா என்பது பெற்றவர்களிடம் கேட்கிற கேள்வியா? 2010-இல் வந்த சட்டம் 21 வயதுக்குட்பட்டவர்களுக்கு அந்த நிபந்தனையை நீக்கியது.