கித்தார்க் கம்பியில் கமகம்

புனே நகரில் குடியேறிய நம்மவர் இல்லங்கள் சிலவற்றில் மின்கித்தார் புகுந்துவிட்டது. பிள்ளை மேனாட்டுக் கலைஞரின் வாசிப்பையே ஓயாமல் கேட்கக் கண்டு, நம் சங்கீதம் கைநழுவிப் போமோ என அஞ்சுகிறோம்.

இந்நகரின் பெருமையாக விளங்கிய பீம்சேன் ஜோஷியும் நம்மைப் போல் வந்து குடியேறியவரே. கர்நாடக மாநிலத்துக் கதக்கில் சிறுவராயிருந்தபோது அப்துல் கரீம் கானின் இசைத்தட்டைக் கேட்டு, குருவைத் தேடி வீட்டைவிட்டுப் புறப்பட்டார். அந்தக் கானோ, இந்துஸ்தானி வித்துவானாயிருந்தும் தியாகராசர் கீர்த்தனத்தைப் பாடி இசைத்தட்டில் பதித்தவர்!

கித்தாரிலும் இவ்வாறே நிகழ்ந்தது. இராணிப்பேட்டையில் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பற் பொறியியல் பயின்ற பிரசன்னா, கர்நாடகக் கீர்த்தனங்களைக் கித்தாரில் வாசிப்பவர். அமெரிக்கக் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸைப் போற்றி 2006-இல் ‘எலெக்ட்ரிக் கணேசா லேண்ட்’ என்னும் தொகுப்பை வெளியிட்டார். ஹெண்ட்ரிக்ஸ் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்துச் சுரத்தை உயர்த்தினார்; வீணை வித்துவான்களும் மெட்டின்மேல் கம்பியை இழுத்தே கமகம் பிடிக்கிறார்கள். இரண்டும் ஒரே விரல்வேலைதான் என்போம், வித்துவான்கள் கோபியாதிருப்பின்.

ஆதலின் ஹெண்ட்ரிக்ஸைக் கேட்கும் பிள்ளையைத் தடுப்பானேன்? அந்த இழுப்பையே தோடியின் காந்தாரத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வோம். ஒலிபெருக்கியை மட்டும் சற்றுத் தணித்துக்கொள்ளட்டும்.