ஒருமுறை நட்ட கொல்லை



எங்கள் வீட்டுக் கொல்லையில் வேலியோரம் ஒரு கோவைக்கொடி இருக்கிறது. பத்து வருஷத்துக்கு முன்னால் பக்கத்துத் தெரு அத்தை ஒருவர் சாண் நீளத் தண்டு ஒன்றை வெட்டிக் கையில் கொடுத்தார். நட்டேன். வருஷத்துக்கு ஒருமுறை கொடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டு, அடியில் இரண்டு கூடை எரு போடுவேன். அவ்வளவுதான். இன்றுவரை பொரியலுக்குக் காய் தருகிறது.

வெண்டையும் தக்காளியும் வேண்டும்தான். ஆனால் அவை சில மாதத்து விருந்தாளிகள். காய்ப்பு முடிந்ததும் பிடுங்கி, கொத்தி, மறுபடி விதைக்க வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் தோட்டத்தைக் கைவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நம் பாட்டிமார் கொல்லை அப்படிப்பட்டதல்ல. முருங்கை, அகத்தி, கறிவேப்பிலை, சுண்டை, பிரண்டை, சேம்பு என்று ஒருமுறை நட்டுப் பல வருஷம் பறித்த கொல்லை அது.

இப்படிப்பட்ட கொல்லை வேறு நாட்டிலும் உருவானது. இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் வாழ்ந்த ராபர்ட் ஹார்ட், 1980களில் தன் சிறிய பழத்தோட்டத்தை ஏழு அடுக்காகப் பிரித்து வளர்த்தார். பெருமரம், சிறுமரம், புதர், செடி, தரைப்படர், கிழங்கு, கொடி. இப்படி அடுக்கடுக்காக வளர்க்கும் வீட்டுவனம் என்ற எண்ணம் மேலைநாடுகளில் பரவ அவர் பெரிய காரணம். அவர் எடுத்துக்காட்டாகச் சுட்டியவற்றில் கேரளத்து வீட்டுத் தோட்டங்களும் உண்டு. தென்னை, அதன் கீழே வாழை, அதற்கும் கீழே சேனை என்ற அமைப்பு நமக்கும் பழக்கமானதே.

அடுக்கில் முக்கியம் வெயில். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். அதனால் உயர்ந்த மரங்களை வடக்கிலும் மேற்கிலும் வையுங்கள். மேற்கு மரம் பிற்பகல் வெயிலின் கடுமையையும் தடுக்கும். மாமரத்தின் அடர்ந்த நிழலில் கீரை சோர்ந்துவிடும். முருங்கையும் அகத்தியும் சல்லடை நிழல் தருபவை, கீழே இருப்பதை வாழவிடும். அகத்தி அவரைக் குடும்பத்து மரம். வேர் முடிச்சுகளில் இருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும். வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தியை வளர்த்து அதன்மேல் கொடியேற்றும் நம் விவசாயிகளுக்கு இந்த மரத்தின் குணம் நன்றாகத் தெரியும்.

முருங்கையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வளரட்டும் என்று விட்டுவிடாதீர்கள். காய் மாடிக்கு மேலே தொங்கும், கிளை காற்றில் ஒடியும். போத்து நட்டு மரம் பிடித்ததும் மூன்றடி உயரத்தில் வெட்டுங்கள். பக்கக் கிளைகள் வரும். காய்ப்பு ஓய்ந்ததும் அவற்றையும் வெட்டுங்கள். கீரை கைக்கெட்டும் உயரத்திலேயே இருக்கும். வெட்டிய தழையை வெளியே எறியாமல் வாழையடியில் போடுங்கள், அதுவே மூடாக்கு.

பாத்திரம் கழுவும் தண்ணீரில் சோப்பு அதிகமில்லையென்றால் வாழைக்கும் சேம்புக்கும் திருப்பிவிடலாம். இரண்டுமே ஈரத்தை விரும்புபவை. மாறாக, சேனைக்கு வடிகால் வேண்டும். சித்திரை, வைகாசியில் முளையுள்ள துண்டைப் புதைத்தால் தண்டு மஞ்சளாகிச் சாயும்போது கிழங்கு தயார். ஒரு துண்டை மண்ணுக்கே திருப்பிக் கொடுத்தால் அடுத்த வருஷமும் உண்டு.

சுண்டைக்கு இன்னொரு பெருமை இருக்கிறது. அதன் வேர்மேல் கத்தரியை ஒட்டுக்கட்டினால், கத்தரி வாடல் நோயைத் தாங்கி நின்று நெடுநாள் காய்க்கும்.

எச்சரிக்கையாகவும் ஒன்று. தவசிக்கீரை நிழலில் அருமையாக வரும், குச்சி நட்டாலே துளிர்க்கும். ஆனால் 1990களின் நடுவில் தைவானில் உடல் இளைப்பதற்காக அதைப் பச்சையாக அரைத்து நாள்தோறும் குடித்தவர்களுக்கு நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டது, சிலர் உயிரிழந்தார்கள். சமைத்து, அளவாக, எப்போதாவது சாப்பிடுங்கள். சேம்பு, சேனை, பிரண்டை மூன்றும் அரிக்கும். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்கி, புளி சேர்த்து நன்றாக வேகவையுங்கள்.

இடமில்லையே என்பவர்கள் வேலியிலிருந்து தொடங்கலாம். கோவையில் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. விதை போட்டால் எது வரும் என்று சொல்ல முடியாது. ஆகவே காய்த்துக்கொண்டிருக்கும் கொடியாகப் பார்த்து, பென்சில் கனத்தில், மூன்று நான்கு கணு உள்ள தண்டாகக் கேட்டு வாங்குங்கள். இரண்டு கணு மண்ணுக்குள் இருக்கட்டும். எங்கள் கொடியிலிருந்து இதுவரை ஏழெட்டு வீடுகளுக்குத் தண்டு போயிருக்கிறது. கொடுத்த அத்தை வீட்டுக் கொடி ஒரு கோடையில் பட்டுப்போனபோது, அவருக்கும் இங்கிருந்துதான் திரும்பிப் போனது.