பிறந்தநாளில் ஒரு கோட்டைச் சுற்று
(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



"சார், பிறந்தநாளுக்கு எங்கயெல்லாமோ சுத்திட்டு வந்தீங்களாமே, அதைப் பத்திப் பத்து நிமிஷம் பேசுங்க" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். வங்கிக் கவுண்டரில் வேலை பார்த்தவன் நான். கேட்டதை எண்ணிக் கொடுத்துத்தான் பழக்கம். பத்து நிமிஷத்துக்கு மேல் எடுக்க மாட்டேன்.

என் மகள் நெதர்லாந்தில் இருக்கிறாள். "அப்பா, 66-ஆவது பிறந்தநாளுக்கு ஆம்ஸ்டர்டாம் வந்திருங்க. பழைய நகரம், நடந்தே பார்க்கலாம்" என்றாள். முழங்கால் வலி சம்மதிக்கவில்லை. "அங்க அடுத்த வருஷம் வாறேன் மக்களே. அதுக்கு முன்னால, இங்க நம்ம மண்ணுல கிடக்கிற டச்சுக் கம்பெனிக்காரரைப் பார்த்துட்டு வந்திடுதேன்" என்றேன். நானும் வீட்டுக்காரியும் நம் குடியிருப்பிலிருந்து இன்னும் நாலு பேருமாக ஒரு வேன் பிடித்துக் கிளம்பினோம்.

முதலில் வட்டக்கோட்டை. இங்கிருந்து ஆட்டோவிலேயே போய்விடலாம். ஆனால் இந்தக் குடியிருப்பில் அங்கே போகாதவர்கள் எத்தனை பேர் என்று கை தூக்கச் சொன்னால் எனக்கே வருத்தமாக இருக்கும். பெயரில்தான் வட்டம், கோட்டை ஏறக்குறைய நீள்சதுரம். சுமார் மூன்றரை ஏக்கர். கருங்கல் சுவர் 25 அடி உயரம். சாய்தளத்தில் ஏறி மேலே நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை. இந்தக் கோட்டையைத் திருத்திக் கட்டியவர்தான் நான் சொன்ன அந்த ஆள், யூஸ்டேச்சியஸ் டிலனாய்.

யார் இவர்? 1715-இல், இன்றைக்குப் பிரான்ஸில் இருக்கும் அராஸ் என்ற நகரத்தில் பிறந்தவர். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை. பி.காம். படித்தவர்களுக்கு இந்தக் கம்பெனி தெரிந்திருக்கும். 1602-இல் தொடங்கி, பொதுமக்களிடம் பங்கு விற்று முதல் திரட்டிய கம்பெனி. ஆம்ஸ்டர்டாமில் பங்கு வாங்கியவனுக்கு லாபம் வர வேண்டுமானால் இங்கே மிளகு மலிவாகக் கிடைக்க வேண்டும். திருவிதாங்கூர் மகாராஜா மார்த்தாண்ட வர்மா அதற்கு இடம் கொடுக்கவில்லை. சண்டை வந்தது.

அந்தச் சண்டை நடந்த குளச்சலுக்குத்தான் அடுத்துப் போனோம். 1741 ஆகஸ்டில் டச்சுப் படை அங்கே தோற்றது. நினைவாக வெற்றித்தூண் நிற்கிறது. பிடிபட்டவர்களில் டிலனாயும் ஒருவர். மகாராஜா அவரைச் சிறையில் போட்டுப் பூட்டிவிடவில்லை. தன் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுக்கச் சொன்னார். கைதியாக வந்தவர் படைத்தலைவராக உயர்ந்து, 'வலிய கப்பித்தான்' என்று பெயர் வாங்கினார்.

மூன்றாவது பத்மநாபபுரம் அரண்மனை. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம் இதுதான். 1956 நவம்பர் 1-இல் நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அரண்மனை மட்டும் இன்றும் கேரள அரசின் பராமரிப்பில் இருக்கிறது. கண்ணாடி போன்ற அந்தக் கறுப்புத் தரையையும், மரக்கூரை வேலைப்பாட்டையும், எடைக்கல் கட்டி ஓடும் மணிக்கூண்டுக் கடிகாரத்தையும் அவசரப்படாமல் பாருங்கள். திங்கட்கிழமை விடுமுறை. அதைப் பார்த்துக் கிளம்புங்கள்.

கடைசியாகப் பக்கத்திலேயே, புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. சுமார் 90 ஏக்கர். இப்போது வனத்துறையின் பூங்கா. மரநிழலில் நடந்து போனால் கூரையில்லாத ஒரு சின்னக் கோவில். அதற்குள்தான் டிலனாய் கிடக்கிறார். 1777 ஜூன் 1-இல் இறந்தார். ஏறக்குறைய 37 வருஷம் திருவிதாங்கூருக்கு உழைத்ததைக் கல்லில் லத்தீனிலும் தமிழிலும் வெட்டி வைத்திருக்கிறார்கள். அங்கேயே மனைவியின் கல்லறை. களக்காட்டுச் சண்டையில் 19 வயதில் உயிர்விட்ட மகனின் கல்லறை.

அங்கே என் வீட்டுக்காரி ரொம்ப நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, "இவருக்க அம்மா அங்க எத்தன வருஷம் வாசலப் பார்த்திருப்பா?" என்றாள். எங்களில் யாருக்கும் பதில் வரவில்லை. இந்தக் கூட்டத்தில் பாதிப் பேருடைய பிள்ளைகள் துபாயிலோ, கனடாவிலோ, ஐரோப்பாவிலோ இருக்கிறார்கள். போன இடத்தில் நம்பிக்கை சம்பாதித்து, வேலை பார்த்து, அந்த மண்ணுக்கே சொந்தமாகிவிடுகிறவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. நம் பிள்ளைகள் அங்கே அப்படி மதிப்பாக இருந்தால் அது நமக்கு வரவுதான். ஆனால் அவர்கள் இல்லாத நாளை நாம் வீட்டுக்குள் அடைந்து கிடந்து கழித்தால், அது வீண் செலவு.

நம் குடியிருப்பில் பெரியவர்களின் பிறந்தநாள் எப்படிப் போகிறது? காலையில் கோயிலில் அர்ச்சனை, சாயங்காலம் வீடியோ காலில் ஒரு வாழ்த்து, அப்புறம் டி.வி. நடுவில் உள்ள அந்த நீளமான பகலைப் பற்றித்தான் சொல்கிறேன்.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் இது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அந்தக் காலாண்டில் பிறந்தவர்களை எல்லாம் ஒரே வேனில் கூட்டிக்கொண்டு போவோம். செலவைப் பங்கு போட்டுக்கொள்வோம். கணக்கு நான் எழுதுகிறேன். ஒரே நாளில் நாலு இடம் முடியாதவர்களுக்கு இரண்டு போதும். தொப்பி, தண்ணீர், மாத்திரை மறக்க வேண்டாம். திரும்பும்போது நாகர்கோவிலில் ரசவடையும் காப்பியும் உறுதி.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. வட்டக்கோட்டையிலும் உதயகிரியிலும் கல்லில் உங்கள் பெயரைக் கீறாதீர்கள். கைதியாக வந்து 37 வருஷம் உழைத்தவருக்குத்தான் அங்கே கல்லில் பெயர் கிடைத்திருக்கிறது.

அடுத்த காலாண்டில் பிறந்தவர்கள் இன்றைக்கே செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.